வன்னியில் எந்தப் போன் வாங்கலாம்: மீதி வருடத்தைக் கணக்குப் பார்ப்போம்

காலபோக நெல் விற்ற காசு கைக்கு வந்ததும் பல வீடுகளில் போன் வாங்கும் பேச்சு எழும். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று வேண்டும், அல்லது அம்மாவின் பழைய போனில் வங்கிச் செயலி திறக்க மறுக்கிறது. கிளிநொச்சியில் போன் திருத்தும் வேலை செய்பவன் என்பதால் என்னிடமும் கேட்பார்கள்: "தம்பி, எதை வாங்கலாம்?" கமரா எத்தனை மெகாபிக்சல், உள்ளே எத்தனை ஜிபி என்பதையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருப்பார்கள். இந்தப் போனுக்குக் கம்பனி எந்த வருடம் வரை அப்டேட் கொடுக்கும் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. விலைக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வன்னிக் குடும்பத்துக்கு முன்னால் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கும். கடையில் கிடைக்கும் மலிவான புதுப் போன். கொஞ்சம் கூடக் காசு போட்டால் கிடைக்கும், நீண்ட கால அப்டேட் வாக்குறுதி உள்ள நடுத்தரப் போன். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் கொண்டுவரும் பாவித்த ஐபோன். கடைசியாக, கையில் இருப்பதையே திருத்திப் பாவிப்பது.

இவற்றை ஒப்பிடுவதற்கு முன்னால் அப்டேட் என்றால் என்ன என்று கொஞ்சம் பார்ப்போம். அதில் இரண்டு வகை உண்டு. அன்ட்ரொய்ட் 14 இலிருந்து 15, 16 என்று பதிப்பே மாறுவது ஒன்று. கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் மற்றது. பதிப்பு மாறாமல் சில வருடம் சமாளிக்கலாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன போனில் வங்கிக் கணக்கை வைத்திருப்பதுதான் ஆபத்து.

நின்ற அன்றே போன் செத்துவிடாது. அழைப்பு வரும், வட்ஸ்அப் ஓடும், யூடியூப் பார்க்கலாம். ஆனால் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடத் தொடங்கும். 2025 ஜனவரியில் வட்ஸ்அப் அன்ட்ரொய்ட் 4.4 போன்களை விட்டது. அதே வருடம் மே மாதம் ஐபோன் 5எஸ், 6, 6 பிளஸ் மூன்றையும் விட்டது. குரோம் உலாவி 2025இல் அன்ட்ரொய்ட் 8, 9 இரண்டுக்கும் புதிய பதிப்பு கொடுப்பதை நிறுத்தியது. காசு சம்பந்தப்பட்டது என்பதால் வங்கிச் செயலிகள் இவற்றைவிடக் கண்டிப்பாக இருக்கும். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு போன்தான் எல்லாம்: வெளிநாட்டுக் காசு வந்த குறுஞ்செய்தி, வங்கி அனுப்பும் இரகசிய எண், அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வரவு, பிள்ளையின் பாடசாலைக் குழு. கணவன் இல்லாமல் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள் இவ்வளவு பேர் இருக்கும் ஊரில் அந்த ஒரு போன் களவுக்காரருக்குத் திறந்து கிடக்கக் கூடாது.

அடுத்தது, பலருக்குத் தெரியாத விஷயம். கம்பனி சொல்லும் நான்கு வருடமோ ஆறு வருடமோ நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. அந்த மொடல் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். சாம்சங் கலக்ஸி ஏ05எஸ் 2023 கடைசியில் வந்தது. நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்றார்கள். அப்படியானால் அது 2027 வரைதான். 2025 கடைசியில் அதே மொடலைப் பெட்டி உடைக்காமல் புதிதாக வாங்கியவருக்குக் கிடைப்பது இரண்டு வருடம். பழைய மொடல்கள் அலுமாரியில் நீண்ட நாள் கிடந்து விலை குறைத்து விற்கப்படும் எங்கள் ஊர்க் கடைகளில் இந்த வேறுபாடு பெரியது.

அதனால் நான் சொல்லும் கணக்கு ஒன்றே. விலையை, மீதியிருக்கும் அப்டேட் வருடத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 36,000 ரூபா போனுக்கு இரண்டு வருடம் மீதி என்றால் வருடத்துக்கு 18,000 ரூபா. 65,000 ரூபா போனுக்கு ஐந்து வருடம் மீதி என்றால் 13,000 ரூபா. 90,000 ரூபா கேட்கும் பாவித்த உயர்ரகப் போனுக்கு இரண்டு வருடம்தான் மீதி என்றால் வருடத்துக்கு 45,000 ரூபா. கடையில் மலிவாகத் தெரிந்தது வீட்டுக்கு வந்த பிறகு மலிவாக இல்லை.

கம்பனிகள் ஏன் கைவிடுகின்றன

பழைய போனைக் கம்பனி வேண்டுமென்றே சாகடிக்கிறது என்று கடைக்கு வருபவர்கள் கோபமாகச் சொல்வார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் காரணம் ஒன்று மட்டும் இல்லை.

அன்ட்ரொய்டை எழுதுவது கூகுள். போனுக்குள் இருக்கும் சிப்பைச் செய்வது குவால்கொம், மீடியாடெக் போன்றவர்கள். இரண்டையும் சேர்த்துப் போனாக்கி விற்பது வேறொரு கம்பனி. புதிய அன்ட்ரொய்ட் வரும்போது அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளைச் சிப் செய்தவரும் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும். அவர் நிறுத்திக்கொண்டால் போன் கம்பனி விரும்பினாலும் அதிகம் செய்ய முடியாது. இந்தப் பிணைப்பைத் தளர்த்தத்தான் கூகுள் 2017இல் அன்ட்ரொய்ட் 8 உடன் அடித்தளத்தை மாற்றியமைத்தது. 2025 பெப்ரவரியில் குவால்கொம், தன் புதிய உயர்ரகச் சிப்களுக்கு எட்டு வருடம் வரை அப்டேட் கொடுக்க வழி செய்வதாக அறிவித்தது. அப்பிளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. சிப்பும் அவர்களுடையது, மென்பொருளும் அவர்களுடையது. அதனால்தான் 2013இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது.

மற்றக் காரணம் காசு. போனை விற்றபோது வாங்கிய பணத்தோடு வருமானம் முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு மொடலுக்கும் அப்டேட் எழுதிப் பரிசோதிப்பது கம்பனிக்குச் செலவு. மக்கள் கேட்காத வரைக்கும் அந்தச் செலவைச் செய்ய அவர்களுக்கு அவசரமில்லை.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது, இது உண்மையிலேயே நல்ல மாற்றம். 2023 ஒக்டோபரில் கூகுள் பிக்சல் 8க்கு ஏழு வருடம் என்றது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24க்கு அதே ஏழு வருடத்தைச் சொன்னது. இவை எங்கள் கைக்கு எட்டாத விலைப் போன்கள்தான். ஆனால் 2024 கடைசியில் வந்த கலக்ஸி ஏ16 என்ற மலிவான மொடலுக்கும் சாம்சங் ஆறு பதிப்புகள், ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட் என்றது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மொடலைச் சந்தையில் விடுவதை நிறுத்திய பிறகும் குறைந்தது ஐந்து வருடம் மென்பொருள் அப்டேட் கிடைக்க வேண்டும், உதிரிப்பாகங்கள் ஏழு வருடம் கிடைக்க வேண்டும் என்கிறது அது. அந்தச் சட்டம் இலங்கையில் செல்லாது. ஆனாலும் ஐரோப்பாவுக்கென்று ஒரு மென்பொருள், எங்களுக்கென்று இன்னொன்று என்று எழுதுவது கம்பனிக்கும் வீண் செலவு என்பதால் அந்தப் பலனில் ஒரு பங்கு இங்கும் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

நான்கு வழிகளும்

மலிவான புதுப் போனை முழுவதும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அம்மம்மாவுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்க வேண்டும், வங்கிச் செயலி இல்லை என்றால் அது போதும். மாணவருக்கும் குடும்பக் காசைக் கையாள்பவருக்கும் அது சரிவராது. இந்த விலையில் பல கம்பனிகள் எத்தனை வருடம் என்று பெட்டியில் எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் குறைவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இரண்டாவது வழி. ஏ16 என்றால் 2030 கடைசி வரை. 2025 மார்ச்சில் வந்த ஏ26, ஏ36, ஏ56 என்றால் 2031 வரை. தரம் ஒன்பதில் இருக்கும் பிள்ளை உயர்தரம் முடிக்கும் வரைக்கும் ஒரே போன் போதும் என்ற கணக்கு இது. ஆனால் வாங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. ஏ16 போன் 4 ஜிபி, 6 ஜிபி, 8 ஜிபி ரம் (RAM, செயலிகள் ஓடும் தற்காலிக நினைவகம்) என்று வெவ்வேறாக வருகிறது. கடையில் விலை குறைத்துக் காட்டுவது 4 ஜிபி உள்ளதை. ஆறு பதிப்பு மாறிய பிறகு 4 ஜிபி மூச்சு வாங்கும்; குறைந்தது 6 ஜிபி எடுங்கள், முடிந்தால் 8. அப்புறம், ஆறு வருடமும் மாதாமாதம் அப்டேட் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சாம்சங் மொடலுக்கு வயது ஏற ஏற மாதத்துக்கு ஒருமுறை, காலாண்டுக்கு ஒருமுறை, அரை வருடத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும். அதுவும் வராமல் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

இந்த வழிக்கு இன்னொரு பலம், கண்ணாடி உடைந்தால் தெரியும். சாம்சங் ஏ வரிசையின் டிஸ்பிளேயும் பற்றரியும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ தேடிப் பிடிக்கலாம். பெயர் அதிகம் கேள்விப்படாத ஒரு கம்பனியின் போனுக்கு ஆறு வருட வாக்குறுதி இருந்தாலும், டிஸ்பிளே கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று நாட்கணக்கில் காத்திருந்தால் பிள்ளையின் படிப்பு என்னாகும்? ஆகவே கடையில் பணம் கொடுப்பதற்கு முன்னால், பழுதானால் எங்கே அனுப்புவீர்கள், பாகம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லும் கடையில் வாங்குங்கள்.

மூன்றாவது வழியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் ஐபோன் எங்கள் ஊரில் பாசத்தோடு சேர்ந்து வருகிறது. குளிரில் இரண்டு வேலை செய்து சேமித்த காசில் மாமாவோ சித்தியோ கொண்டுவரும் பொருள் அது. பாவித்த ஐபோன் நல்ல தெரிவாகவும் இருக்கலாம், ஏனென்றால் அப்பிளின் காலக்கணக்கு நீண்டது. 2018இல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் இரண்டும் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் 18 வரை எல்லாப் பதிப்பும் பெற்றன. 2025 செப்டெம்பரில் வந்த ஐஓஎஸ் 26 அவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஐபோன் 11 முதல்தான் கிடைத்தது. ஆகவே இன்று யாராவது எக்ஸ்ஆர் ஒன்றை நல்ல விலைக்கு என்று சொன்னால் வேண்டாம். 11 ஐயும் தவிர்க்கலாம், அடுத்து நிறுத்தப்படும் வரிசையில் அதுதான் முன்னால் நிற்கிறது. 13 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் யோசிக்கலாம்.

கொண்டுவருபவரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவை சில. பழைய சொந்தக்காரர் தன் அப்பிள் கணக்கைப் போனிலிருந்து முழுமையாக அகற்றியிருக்க வேண்டும். அகற்றாத போன் இங்கே வந்த பிறகு பூட்டிக் கிடக்கும். எந்தத் திருத்தும் கடையாலும் அதை நேர்மையான வழியில் திறக்க முடியாது. அடுத்தது, ஒரு தொலைபேசிக் கம்பனிக்கு மட்டும் பூட்டிய போனா என்பது. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும் பிரித்தானியாவில் 2021 டிசம்பரிலிருந்தும் அப்படிப் பூட்டி விற்க முடியாது, அமெரிக்காவில் முடியும். அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14 முதல் சிம் போடும் இடமே இல்லை, போனுக்குள்ளேயே பதியப்படும் இ-சிம் மட்டும்தான். இங்கே இ-சிம் எடுக்கலாம், ஆனால் ஒட்டுசுட்டானில் இருப்பவர் அதற்காக நகரத்துக்கு வர வேண்டியிருக்கும். போனை மாற்றினால் மறுபடியும் அதே வேலை.

அதோடு ஐஎம்இஐ, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண். ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் (*#06#) அழுத்தினால் அந்த 15 இலக்க எண் திரையில் வரும். ஆங்கிலத்தில் IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். பாவித்த போனைக் கடையில் வாங்கும்போதும் இதைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம்.

சிலர் பிக்சல் கொண்டுவருகிறார்கள். நல்ல போன், ஆனால் ஒரு எச்சரிக்கை. சில பிக்சல் 6ஏ போன்களின் பற்றரி அதிகம் சூடேறும் அபாயம் இருந்ததால், 2025 ஜூலையில் கூகுள் கட்டாய அப்டேட் ஒன்றைக் கொடுத்தது. பற்றரி 400 தடவை சார்ஜ் ஆன பிறகு அதன் கொள்ளளவை அந்த அப்டேட் குறைத்துவிடும். இலவசமாகப் பற்றரி மாற்றும் திட்டமும் இருந்தது, ஆனால் குறிப்பிட்ட நாடுகளில் மட்டும். கம்பனியின் ஆதரவு என்பது அப்டேட் மட்டுமில்லை, பழுதானால் கொண்டுபோய்க் கொடுக்க ஓரிடமும் வேண்டும். அதிகாரபூர்வமாக விற்கப்படாத மொடலுக்கு அந்த இடம் நாட்டுக்குள் இருக்காது.

நான்காவது வழி திருத்துவது. இதற்கு நான் வக்காலத்து வாங்குவது தொழிலுக்காக இல்லை. 2017 டிசம்பரில் அப்பிள் ஒன்றை ஒப்புக்கொண்டது: பற்றரி பழசான சில ஐபோன்கள் திடீரென்று அணைந்து போகாமல் இருக்க அவற்றின் வேகத்தை மென்பொருள் குறைக்கிறது. கோபம் எழுந்ததும் 2018இல் 29 டொலருக்குப் பற்றரி மாற்றிக் கொடுத்தார்கள். புதுப் பற்றரி போட்டதும் அதே போன் பழைய வேகத்துக்குத் திரும்பியது. போன் கிழடாகிவிட்டது என்று நினைத்த பலருக்கும் பற்றரிதான் கிழடாகியிருந்தது.

எங்கள் வெயிலில் இது இன்னும் முக்கியம். சூழல் 35 பாகைக்கு மேலே போனால் பற்றரியின் ஆயுள் நிரந்தரமாகக் குறையும் என்று அப்பிளே சொல்கிறது. வயல் வரம்பில் வெயிலில் வைத்த போன், உழவு இயந்திரத்தின் முன்பெட்டியில் கிடந்த போன், முல்லைத்தீவுக் கரையில் வள்ளத்தில் போய் வந்த போன் எல்லாம் மூன்றாம் வருடமே பற்றரி கேட்கும். அதனால் ஆறு வருடப் போன் வாங்கினாலும் நடுவில் ஒரு பற்றரி மாற்றும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஒன்றிரண்டு வருடம் மீதியிருந்தால் புதுப் போன் வேண்டாம், பற்றரி மாற்றுங்கள். செட்டிங்கில் போனைப் பற்றிய பகுதியில் பாதுகாப்பு அப்டேட்டின் திகதி இருக்கும். அது ஒரு வருடத்துக்கு மேல் பழசாகி, தேடினாலும் புதியது வரவில்லை என்றால் அந்தப் போனிலிருந்து வங்கிச் செயலியை எடுத்துவிடுங்கள். பாடக் காணொளி பார்க்கவும் கதைக்கவும் அது இன்னும் உதவும்.

ஒரு விஷயத்தை யாரும் கதைப்பதில்லை. அப்டேட் வந்தாலும் இறக்க டேட்டா வேண்டும். பதிப்பு மாறும் அப்டேட் இரண்டு, மூன்று ஜிபி வரை போகும். நாள் பக்கேஜ் போட்டு வாழும் வீட்டில் அது பெரிய தொகை. அதனால் அப்டேட் அறிவிப்பு மாதக்கணக்கில் திரையில் கிடக்கும் போன்கள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. பாதுகாப்பு அப்டேட் மட்டும் என்றால் அளவு இதைவிடச் சிறியது, அதையாவது தவறவிட வேண்டாம். இரவு டேட்டா மீதியிருந்தால் சார்ஜில் போட்டு அப்போது இறக்கலாம். வைஃபை உள்ள அலுவலகத்தில் வேலை செய்யும் யாராவது வீட்டில் இருந்தால் மாதத்துக்கு ஒருநாள் போனைக் கொடுத்துவிடுங்கள்.

மடிக்கணினி வாங்குபவருக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சி வளாகம் இருக்கும் அறிவியல் நகரிலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குக் கொழும்பிலிருந்து வரும் பாவித்த மடிக்கணினிதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். அங்கேயும் இதே கேள்வி. விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் புரொசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் இப்போது மலிவாகக் குவிவதற்கு இது முக்கிய காரணம். புதிதாக வாங்குபவர் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போக வேண்டாம், சில ஆயிரம் ரூபா கூடினாலும்.

ஏற்கெனவே ஏழாம் தலைமுறை வைத்திருப்பவருக்கு இரண்டு வழி. மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்க ஒப்புக்கொண்டால், காசில்லாமலே 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யலாம். இல்லாவிட்டால் 30 டொலர். அதன் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடலாம். அது இலவசம், பழைய கணினியிலும் ஓடும், தமிழில் தட்டச்சும் செய்யலாம். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் லிப்ரே ஒஃபிஸ் போதும். பொறியியல் மாணவர் மட்டும் தங்கள் பீடத்தில் கேட்கும் மென்பொருள் லினக்ஸில் ஓடுமா என்று மூத்த மாணவரிடம் விசாரித்த பிறகு மாற்றட்டும். ஓடாது என்றால் விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இணையத்துக்கும் வங்கிக்கும் லினக்ஸ், அந்த ஒரு மென்பொருளுக்கு மட்டும் இணையத்தைத் துண்டித்த விண்டோஸ் என்று பாவிக்கலாம்.